ஒரு போர்ட்டுக்கு எத்தனை பெயர்?

போன ஆவணி முகூர்த்தங்கள் நெருக்கமாக இருந்த நேரம். கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் புது மதர்போர்டு பெட்டியோடு என் கடைக்கு வந்தார். பழைய போர்டில் யூ.எஸ்.பி. 3.0 இருந்ததாம். இதில் 3.2 என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது, இனி எஸ்.எஸ்.டி.யிலிருந்து வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ராத்திரி முழிக்க வேண்டாம் என்று சந்தோஷமாகச் சொன்னார். மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் போன். "அண்ணே, 200 ஜி.பி. ஏத்த முன்னாடி எவ்வளவு நேரம் ஆச்சோ, அதே நேரம்தாண்ணே ஆகுது. கேபிள் போயிருச்சா?"

கேபிளில் ஒரு கோளாறும் இல்லை. பெட்டியை மறுபடி எடுத்துப் பார்க்கச் சொன்னேன். 3.2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'ஜென் 1' என்று சின்னதாக அச்சாகியிருந்தது. யூ.எஸ்.பி. 3.2 ஜென் 1 என்றால் வேறொன்றுமில்லை, பழைய 3.0 தான். விநாடிக்கு அதே 5 ஜிகாபிட். போர்டின் பின்பக்கம் சிவப்பு நிறத்தில் இன்னொரு போர்ட் இருந்தது. அதற்கும் பெயர் 3.2 தான், ஆனால் ஜென் 2, அதாவது 10 ஜிகாபிட். "எஸ்.எஸ்.டி.யை அதில் செருகிப் பாருங்க தம்பி" என்றேன். எட்டு நிமிடம் ஆன வேலை நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது. ஒரே பெயரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போர்ட், ஒன்றின் வேகம் மற்றதைப் போல இரண்டு மடங்கு. அதைப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மனிதரால் எப்படி முடியும்?

மதுரையில் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறேன். வருபவர்களுக்கு விளக்கிச் சொல்வதில்தான் என் நேரத்தில் பாதி போகிறது. அது வாடிக்கையாளர்களின் குறையில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பெயர்க் குழப்பம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். 2000-ல் வந்த யூ.எஸ்.பி. 2.0-வின் வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். 2008-ல் 3.0 வந்தது, 5 ஜிகாபிட். இதுவரை எல்லோருக்கும் புரிந்தது. எண் ஏறினால் வேகமும் ஏறியது. 2013-ல் 10 ஜிகாபிட் போர்ட்டுக்கான தரவரையறை 3.1 என்ற பெயரில் வந்தது. புது வேகத்துக்கு மட்டும் புதுப் பெயரை வைத்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதே இல்லை. ஆனால் பழைய 3.0-வையும் அந்த வரையறைக்குள் இழுத்துப் போட்டு 'யூ.எஸ்.பி. 3.1 ஜென் 1' என்றார்கள். புதியது 'ஜென் 2' ஆனது. 2017-ல் 3.2 வந்தபோது மறுபடி அதே வேலை. 5 ஜிகாபிட் 'யூ.எஸ்.பி. 3.2 ஜென் 1', 10 ஜிகாபிட் '3.2 ஜென் 2', இரண்டு தடங்களில் ஓடும் 20 ஜிகாபிட் '3.2 ஜென் 2 எக்ஸ் 2'. 2008-ல் பிறந்த அதே போர்ட் இன்று மூன்றாவது பெயரில் விற்கிறது.

இந்தத் தரங்களைக் கவனிக்கும் யூ.எஸ்.பி. இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம் என்ற அமைப்பு, இந்த ஜென் பெயர்களெல்லாம் பொறியாளர்களுக்கானவை, கடையில் வாங்குபவர்களுக்கானவை அல்ல என்றது. கம்பெனிகள் விடுமா? 3.0 என்று அச்சிடுவதைவிட 3.2 என்று அச்சிட்டால் பெட்டி புதிதாகத் தெரியும். உள்ளே ஒரு கம்பியும் மாற வேண்டியதில்லை. பொறியாளருக்கான பெயர் அப்படித்தான் விளம்பரப் பெயரானது. இதில் அந்த அமைப்பு, கம்பெனிகள் இரண்டின் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

பிட், பைட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். போர்ட்டின் வேகத்தை பிட்டில் சொல்வார்கள், ஃபைலின் அளவை பைட்டில் பார்ப்போம். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 5 ஜிகாபிட் போர்ட்டில் எட்டு பிட் தகவலை அனுப்பப் பத்து பிட் செலவாகும். அதனால் உச்சமே 500 மெகாபைட்; கைக்கு வருவது 400-ஐ ஒட்டி. அதே 200 ஜி.பி. வீடியோவைத் தெரியாமல் யூ.எஸ்.பி. 2.0 போர்ட்டில் செருகினால் ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும்.

'டைப் சி' என்று கேட்டு வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். டைப் சி என்பது துளையின் வடிவம், அவ்வளவுதான். அதற்குள் 480 மெகாபிட்டும் ஓடலாம், 40 ஜிகாபிட்டும் ஓடலாம். 20 ஜிகாபிட் எஸ்.எஸ்.டி. ஒன்றை 40 ஜிகாபிட் யூ.எஸ்.பி. 4 போர்ட்டில் செருகினால் அது 20-ல் ஓடும் என்றுதானே யாரும் நினைப்போம்? பல போர்டுகளில் 10-ல்தான் ஓடும். 'ஜென் 2 எக்ஸ் 2' முறையை யூ.எஸ்.பி. 4 போர்ட்டில் தந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பின்பக்கத்து போர்ட் தப்பாகப் போனால் நேரம்தான் போகும். போர்டுக்கு உள்ளே பின் தப்பாகப் போனால் பொருளே போய்விடும். கேபினெட்டுக்குள் ஒட்டும் வண்ண விளக்கு ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு வகை. எல்லா விளக்கும் ஒரே நிறத்தில் எரியும் ஆர்.ஜி.பி. 12 வோல்ட், நான்கு பின். விளக்குக்கு விளக்கு நிறம் மாறும் ஏ.ஆர்.ஜி.பி. 5 வோல்ட், மூன்று பின். எம்.எஸ்.ஐ. போர்டில் 12 வோல்ட்டுக்கு 'ஜே.ஆர்.ஜி.பி.', 5 வோல்ட்டுக்கு 'ஜே.ரெயின்போ'. ஜிகாபைட் போர்டில் 'எல்.இ.டி._சி', 'டி_எல்.இ.டி.'. ஏஸ்ராக்கில் 'ஆர்.ஜி.பி._எல்.இ.டி.', 'ஏ.டி.டி.ஆர்._எல்.இ.டி.'. கம்பெனிக்குக் கம்பெனி வேறு பெயர். அந்த எழுத்தும் அரிசி அளவில், போர்டின் ஓரத்தில், கேபிளுக்கு அடியில் மறைந்து இருக்கும்.

ஒரு கல்லூரி மாணவன் சேர்த்து வைத்த காசில் எல்லாச் சாமானும் வாங்கி, வீட்டிலேயே மாட்டிவிட்டு விளக்கு எரியவில்லை என்று என்னிடம் கொண்டு வந்தான். 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட் பின்னில் செருகியிருந்தான். ஸ்ட்ரிப்பின் முதல் சில விளக்குகள் கருகி, பிளாஸ்டிக் வாடை இன்னும் போகவில்லை. நல்ல ஸ்ட்ரிப்பில் மூன்று துளைக்கு நடுவே ஒரு துளை அடைத்திருக்கும், நான்கு பின்னில் இறங்காது. அவன் வாங்கிய மலிவு ஸ்ட்ரிப்பில் அந்த அடைப்பு இல்லை. பின்னுக்குப் பக்கத்தில் வேறு எதையும் எழுத வேண்டாம், '5 வோல்ட்', '12 வோல்ட்' என்று மட்டும் பெரிதாக எழுதியிருந்தால் அந்தப் பையனின் காசு மிச்சமாகியிருக்கும். அப்படி எழுத என்ன செலவாகிவிடும்?

அடுத்தது எம்.2 ஸ்லாட். சூயிங்கம் பட்டை போன்ற எஸ்.எஸ்.டி. உட்காரும் இடம். ஒரே நீளம், ஒரே அகலம் உள்ள இரண்டு பட்டைகளில் ஒன்று சாட்டா வகை, விநாடிக்கு 550 மெகாபைட், இன்னொன்று என்.வி.எம்.இ., 3,500, 7,000 என்று போகும். சில ஸ்லாட்டுகள் சாட்டா வகையை ஏற்கவே ஏற்காது. பைப்புக்கு ஒரே அளவு வாய் இருக்கிறது என்பதற்காக எல்லாக் குழாயிலும் காவிரித் தண்ணீர் வருமா?

இதில் என்னை மிகவும் அலைக்கழித்தது ஒரு ஆடிட்டர் ஆபீஸ் கம்ப்யூட்டர். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் புது எஸ்.எஸ்.டி. மாட்டினேன். அது வேலை செய்தது. பழைய கணக்கெல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது. "சார், என்ன பண்ணீங்க, பத்து வருஷக் கணக்கு அதுலதான் இருக்கு" என்று அவர் பதறியதை மறக்க முடியாது. மேனுவலில் ஸ்டோரேஜ் பக்கத்தின் அடியில், நட்சத்திரக் குறி போட்ட ஒற்றை வரியில் பதில் இருந்தது: இந்த ஸ்லாட்டில் எஸ்.எஸ்.டி. மாட்டினால் சாட்டா 5, 6 ஆகிய இரண்டும் வேலை செய்யாது. ஸ்லாட்டுக்கும் அந்த சாட்டா போர்ட்டுகளுக்கும் பாதை ஒன்றே. கேபிளைக் கழற்றி சாட்டா 1-ல் செருகியதும் ஹார்ட் டிஸ்க் திரும்ப வந்தது. பெட்டியில் மட்டும் 'ஆறு சாட்டா, இரண்டு எம்.2' என்று தனித்தனியாக எண்ணிப் போட்டிருந்தார்கள்.

கிராபிக்ஸ் கார்டு மாட்டும் நீள ஸ்லாட்டிலும் இதே கதை. பார்க்கப் பதினாறு தட நீளம் இருக்கும். இரண்டாவது ஸ்லாட்டில் நான்கு தடத்துக்குத்தான் கம்பி இழுத்திருப்பார்கள். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைக்கூடப் பெயரை வைத்து நம்ப முடியாது. இன்டெலின் 1151 சாக்கெட் 2015-ல் வந்தது. 2017-ல் வந்த எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸருக்கும் சாக்கெட் 1151 தான். ஆனால் முந்தைய இசட் 270 போர்டில் அது வேலை செய்யாது, புது இசட் 370 போர்டு வாங்க வேண்டும்.

ஒரு நல்ல மாற்றத்தையும் சொல்ல வேண்டும். யூ.எஸ்.பி. அமைப்பு 2022-ல், இனி பெட்டியிலும் போர்ட்டிலும் 5, 10, 20, 40 ஜிகாபிட் என்று வேகத்தையே லோகோவாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டது. சரியான முடிவு, ரொம்பத் தாமதமான முடிவு. ஆனால் அது கட்டாயம் இல்லை. அதனால் என் மேஜைக்கு வரும் பெட்டிகளில் இன்னும் ஜென் 1, ஜென் 2 தான் இருக்கிறது. அரிசி மூட்டையில் எடையை அச்சிடாமல் விற்க முடியாது. மதர்போர்டிலும் ஒவ்வொரு போர்ட்டுக்கு நேராக அதன் வேகத்தை அச்சிட வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை.

அதுவரை வாங்குபவர்கள் ஒன்று செய்யலாம். எந்த மதர்போர்டுக்கும் மேனுவல் அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், போர்டு வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இறக்கி, பின்பக்க போர்ட் படம் உள்ள பக்கத்தையும் ஸ்டோரேஜ் பக்கத்தையும் பாருங்கள், நட்சத்திரக் குறி போட்ட வரிகளை விடாமல். புரியவில்லையென்றால் அந்தப் பக்கத்தை போனில் எடுத்துக்கொண்டு அசெம்பிள் செய்பவரிடம் போய், "இது எத்தனை ஜிகாபிட்? இதை மாட்டினால் எது நிற்கும்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் போர்டு வாங்காதீர்கள்.