மூங்கில் வில்லும் தில்லி மைதானமும்

தில்லிக்குப் பக்கத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் குருகிராம். 2016-ஆம் ஆண்டு வரை அதை குர்கான் என்று அழைத்தார்கள். குருவின் கிராமம் என்பது அதன் பொருள். அந்தக் குரு யார்? மகாபாரதத்தில் வரும் துரோணர். பாண்டவர்களுக்கும் கௌரவர்களுக்கும் வில்வித்தை கற்றுத் தந்தவர். இந்த ஊர் அவருக்குத் தரப்பட்டது என்று அப்பகுதி மக்கள் சொல்கிறார்கள்.

அதே கதையில் ஏகலைவனும் வருகிறான். அவன் வேடர் குலத்துப் பையன். வில் கற்க ஆசைப்பட்டுத் துரோணரிடம் போனான். அவர் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவன் காட்டுக்குத் திரும்பினான். மண்ணால் குருவின் உருவம் செய்தான். அதன் முன் நின்று தானே பழகினான். அர்ச்சுனனையும் மிஞ்சினான். கடைசியில் குரு தட்சிணையாகத் தன் வலது கைக் கட்டைவிரலைக் கொடுத்தான்.

இந்தக் கதை ஒரு கேள்வியை எழுப்புகிறது. ஒருவருக்குத் திறமை இருந்தால் மட்டும் போதுமா? கற்றுத்தர ஆள் வேண்டாமா? நின்று பழக ஓர் இடம் வேண்டாமா? நம் காலத்தில் தில்லியில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது.

காட்டிலிருந்து வந்த சிறுவர்கள்

1982-ஆம் ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அதற்காகப் பெரிய மைதானங்கள் கட்டப்பட்டன. 1984-இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. நாடு முழுவதும் விளையாட்டை வளர்ப்பது அதன் வேலை.

சில திறமைகள் சில ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. கடலோர மக்கள் நன்றாக நீந்துவார்கள். மலைவாழ் மக்களுக்கு வில் பழக்கம் இருக்கும். அந்த ஊர்களுக்கே போய்ப் பிள்ளைகளைத் தேடினால் என்ன? இப்படி யோசித்து ஆணையம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெயர் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டம்.

ராஜஸ்தான் மாநிலத்தில் உதய்பூர் மாவட்டம் இருக்கிறது. அங்கே ஜாடோல் பகுதியில் ஒரு சிறு கிராமத்தில் லிம்பா ராம் என்ற பையன் இருந்தான். பழங்குடிக் குடும்பம். வறுமை. வீட்டில் செய்த மூங்கில் வில்லால் காட்டில் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாடுவான்.

1987-இல் பக்கத்து ஊரில் வில் எய்பவர்களைத் தேர்வு செய்யப் போகிறார்கள் என்று அவனுடைய உறவினர் ஒருவர் செய்தி கொண்டு வந்தார். லிம்பா ராம் போனான். அப்போது அவனுக்கு வயது 15. அந்தப் பகுதியிலிருந்து நான்கு பையன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களைத் தில்லிக்கு அழைத்து வந்து நான்கு மாதம் பயிற்சி கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே, 1988-இல், லிம்பா ராம் சியோல் ஒலிம்பிக் போட்டிக்குப் போனார். 1992-இல் பெய்ஜிங் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் 30 மீட்டர் தூரப் பிரிவில் 358 புள்ளிகள் எடுத்தார். அது அன்றைய உலக சாதனைக்குச் சமம். மொத்தம் 360 புள்ளிகளில் அவர் இழந்தவை இரண்டே இரண்டு.

காட்டிலும் வில்தான், தில்லியிலும் வில்தான். பிறகு தில்லி அவருக்கு என்ன கற்றுத் தந்தது? காட்டில் ஓர் அம்பு சரியாகப் பட்டால் போதும். அன்றைய உணவு கிடைத்துவிடும். போட்டியில் 36 அம்புகளையும் ஒரே மாதிரி எய்ய வேண்டும். கால் நிற்கும் விதம், கை உயரும் விதம், மூச்சு எல்லாம் முதல் அம்புக்கு எப்படியோ கடைசி அம்புக்கும் அப்படியே இருக்க வேண்டும். இது தனியாகப் பழகி வருவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த ஒருவர் வேண்டும்.

நம் சொல், நம் கருவி

மேற்கு இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் பில் என்ற பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். வில்லுக்குப் பேர் போனவர்கள். 'பில்' என்ற பெயர் தமிழிலுள்ள 'வில்' என்ற சொல்லோடு தொடர்புடையது என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். சேர மன்னர்களின் கொடியில் இருந்ததும் வில்தான். கொல்லி மலையை ஆண்ட வள்ளலுக்கு வல்வில் ஓரி என்றே பெயர்.

மூங்கில் வில் பார்க்க எளிமையானது. செய்யப் பொறுமை வேண்டும். நன்றாக முற்றிய மூங்கிலைப் பிளந்து உலர்த்துவார்கள். ஈரம் இருந்தால் வில் வளைந்தபடியே நின்றுவிடும். பிறகு கத்தியால் சீவுவார்கள். நடுவில் தடிமனாகவும் இரண்டு நுனியிலும் மெலிந்தும் இருக்க வேண்டும். வளைத்துப் பார்த்தால் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே அளவு வளைய வேண்டும். ஒரு பாதி அதிகம் வளைந்தால் அம்பு குறி தவறும்.

அம்பின் வால் பக்கத்தில் இறகு கட்டுவது அழகுக்காக இல்லை. இறகு காற்றைப் பிடித்து அம்பின் வாலைப் பின்னாலேயே வைத்திருக்கும். இறகு இல்லாத அம்பு வழியில் தள்ளாடும்.

நாணை எப்படி இழுக்கிறார்கள்? ஆள்காட்டி விரல் அம்புக்கு மேலே. நடுவிரலும் மோதிர விரலும் அம்புக்குக் கீழே. கட்டைவிரலுக்கு இதில் வேலையே இல்லை. இன்று உலகம் முழுவதும் போட்டிகளில் பெரும்பாலோர் இப்படித்தான் எய்கிறார்கள். ஏகலைவன் இன்று இருந்திருந்தால் கட்டைவிரல் இல்லாமலே போட்டியில் நின்றிருப்பான்.

எல்லோரும் ஒரே கோட்டில்

தில்லியின் கிழக்குப் பகுதியில் யமுனா விளையாட்டு வளாகம் இருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையம் இதை நடத்துகிறது. 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டியில் வில்வித்தை நடந்தது இங்கேதான். இது போன்ற இடங்களில் சிறுவர், சிறுமியர், வேலைக்குப் போகும் பெரியவர்கள் எனப் பலரும் வில் பழகுகிறார்கள். இப்படிப் பழகுபவர்கள் ஒன்று சேர்ந்தால் அது வில்வித்தைச் சங்கம்.

சங்கத்தில் முதலில் கற்றுத் தருவது குறி பார்க்க அல்ல. பாதுகாப்பாக நிற்கத்தான் முதலில் கற்றுத் தருவார்கள். தரையில் ஒரு கோடு போட்டிருக்கும். எல்லோரும் அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும். விசில்தான் அங்கே சட்டம்.

இரண்டு முறை விசில் ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும். ஒரு முறை ஊதினால் எய்யலாம். மூன்று முறை ஊதினால் எய்வது முடிந்தது, அம்பு எடுக்கப் போகலாம். விசில் தொடர்ந்து ஒலித்தால் ஆபத்து என்று பொருள். நாணை இழுத்தவரும் எய்யாமல் இறக்கிவிட வேண்டும்.

யாரும் முந்திக்கொண்டு அம்பு எடுக்க ஓட முடியாது. ஒருவர் எய்து முடிக்கவில்லை என்றால் அவருக்குரிய நேரம் முடியும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். ஒலிம்பிக் வீரருக்கும் நேற்று வந்த சிறுமிக்கும் ஒரே விசில்.

இன்னும் சில விதிகள் உண்டு. மனிதர்கள் இருக்கும் பக்கம் வில்லை நீட்டக் கூடாது. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடக் கூடாது. அம்போடு போக வேண்டிய விசை வில்லிலேயே தங்கும். வில் உடைந்துவிடும்.

தசரா நாட்களில் தில்லித் தெருக்களில் பொம்மை வில் விற்பார்கள். ராம்லீலாவில் ராமர் வேடம் போட்டவர் அம்பு எய்ய, ராவணன் உருவம் எரியும். அதைப் பார்த்த பிள்ளைகள் தாங்களும் எய்து பார்ப்பார்கள். பொம்மை அம்பு பட்டுக் கண் பார்வை இழந்த பிள்ளைகள் உண்டு. வில் விளையாட்டுப் பொருள்தான். ஆனால் விதி இல்லாத வில் ஆயுதம்.

எண்ணும் எழுத்தும் இங்கேயும் வேண்டும்

இலக்கில் ஐந்து நிறங்கள் இருக்கும். வெளியே வெள்ளை. பிறகு கருப்பு, நீலம், சிவப்பு. நடுவில் மஞ்சள். ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு வளையங்கள். வெளி வளையத்தில் பட்டால் 1 புள்ளி. நடு வளையத்தில் பட்டால் 10 புள்ளி. அம்பு இரண்டு வளையங்களுக்கு நடுவிலுள்ள கோட்டைத் தொட்டால் அதிகப் புள்ளி கிடைக்கும்.

எய்து முடித்ததும் எல்லோரும் சேர்ந்து இலக்குக்குப் போவார்கள். எய்தவர் தன் புள்ளிகளைச் சத்தமாகச் சொல்வார். மற்றவர்கள் பார்த்துச் சரி என்பார்கள். அதன் பிறகே அட்டையில் எழுதுவார்கள். அதற்கு முன் அம்பைத் தொடவே கூடாது. போட்டி முடிந்ததும் எய்தவர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அந்தக் கணக்கை அவர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். பிறகு தவறு என்று சொல்லிப் பயனில்லை.

எவ்வளவு நன்றாக எய்தாலும், கூட்டிப் பார்க்கத் தெரியாதவர் தன் புள்ளிக்கு இன்னொருவரை நம்பித்தான் இருக்க வேண்டும்.

சேர்ந்து பழகும் வாழ்க்கை

வில்லும் அம்பும் குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு வில்லை நான்கு பேர் மாற்றி மாற்றி எய்வார்கள். முன்பே வந்தவர் புதிதாக வந்தவருக்குக் கை பிடித்துக் காட்டுவார். காலையில் இலக்குப் பலகைகளைத் தூக்கி வைப்பதும், பிய்ந்த இறகுகளை ஒட்டுவதும், புல்லில் தொலைந்த அம்பைத் தேடுவதும் எல்லோருக்கும் பொதுவான வேலை. ஒருவர் அம்பு தொலைந்தால் எல்லோரும் தேடுவார்கள். கிடக்கும் அம்பை யாராவது மிதித்தால் காலில் குத்தும் அல்லவா?

தில்லியின் பருவமும் எல்லோருக்கும் பொது. டிசம்பர், ஜனவரி மாதக் காலைகளில் மூடுபனி கவிந்துவிடும். 50 மீட்டர் தூரத்து இலக்கு தெரியாது. அப்போது எல்லோரும் சேர்ந்து உடற்பயிற்சி செய்தபடி வெயிலுக்குக் காத்திருப்பார்கள். ஜூன் மாதத்தில் வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்வார்கள்.

இரண்டு வில்கள், ஒரு சுவர்

தேசியப் போட்டிகளில் இந்தியன் ரவுண்ட் என்று ஒரு பிரிவு உண்டு. மூங்கிலாலும் மரத்தாலும் ஆன வில்லோடு இதில் கலந்துகொள்ளலாம். தூரம் 30 மீட்டரும் 50 மீட்டரும். ஏழைப் பிள்ளைகள் பலர் இந்த வழியில்தான் நுழைகிறார்கள்.

ஒலிம்பிக் போட்டிக்கு இந்த வில் செல்லாது. அங்கே 70 மீட்டர் தூரம். உலோகமும் கார்பனும் சேர்ந்த நவீன வில் வேண்டும். மூங்கில் வில்லைச் சில ஆயிரம் ரூபாயில் வாங்கலாம். நவீன வில்லும் அம்புகளும் மற்றக் கருவிகளும் சேர்ந்து லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். இங்கேதான் பல பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். அன்று துரோணர் மறுத்தார். இன்று விலை மறுக்கிறது.

இந்தச் சுவரைத் தனியாக ஏற முடியாது. கருவியைப் பொதுவாக வாங்கி வைத்துப் பலருக்கும் தரும் சங்கமோ, பயிற்சி மையமோ, அரசோ தோள் கொடுக்க வேண்டும். கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தீபிகா குமாரி சாட்சி.

ஜார்க்கண்டில் ராஞ்சிக்குப் பக்கத்தில் பிறந்தவர் அவர். அப்பா ஆட்டோ ஓட்டுநர். சிறு வயதில் கல்லால் மாங்காய் அடித்துக் குறி பழகியவர். வீட்டில் செய்த மூங்கில் வில்லால் எய்து பார்த்தவர். 2005-இல் கர்சாவான் என்ற ஊரிலுள்ள பயிற்சி மையத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு ஜாம்ஷெட்பூரில் உள்ள டாடா வில்வித்தை மையம் அவரைச் சேர்த்துக்கொண்டது. நல்ல கருவியும் சீருடையும் உதவித்தொகையும் கிடைத்தன.

2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டி வந்தது. 16 வயது தீபிகா தனிநபர் பிரிவில் தங்கம் வென்றார். டோலா பானர்ஜி, பொம்பாய்லா தேவி ஆகியோருடன் சேர்ந்து குழுப் பிரிவிலும் தங்கம் வென்றார். இந்தியா வில்வித்தையில் மொத்தம் 8 பதக்கங்கள் பெற்றது. அந்த அணிக்குப் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1987-இல் மூங்கில் வில் பழக்கத்தோடு தில்லிக்கு வந்த அதே லிம்பா ராம். கற்றுக்கொள்ள வந்தவர், 23 ஆண்டுகளுக்குப் பிறகு அதே நகரத்தில் கற்றுத் தருபவராக நின்றார்.

2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பின்னாளில் அவரை நரம்பு நோய் தாக்கியது. வில்லைப் பிடித்த கைகள் தளர்ந்தன. மருத்துவத்துக்கு அரசு உதவ வேண்டியிருந்தது. வெற்றி பெறும் வரை மட்டும் அல்ல, அதற்குப் பிறகும் வீரருக்குத் துணை தேவை.

அம்பு எய்யும்போது கோட்டில் நிற்பவர் தனி ஆள். ஆனால் அவர் அங்கே வந்து நிற்பதற்குப் பின்னால் பலர் இருக்கிறார்கள். செய்தி சொன்ன உறவினர், கை பிடித்துக் காட்டிய பயிற்சியாளர், வில்லை இரவல் கொடுத்த தோழி, அம்பு தேடிய சிறுவன். ஏகலைவனுக்குக் கிடைக்காமல் போனது இந்தத் துணைதான்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் பிள்ளைகளிடம் பழக்கத்தால் வந்த திறமை எது? மரம் ஏறுவதா, நீந்துவதா, சிலம்பமா, ஓட்டமா?

2. அந்தத் திறமையைக் கற்றுத் தரத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் ஊரில் யார்? பிள்ளைகள் கூடிப் பழக இடம் இருக்கிறதா?

3. விலை அதிகமான ஒரு கருவியை ஊரே சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைக்க முடியுமா? அதை யார் பாதுகாப்பது? கணக்கை யார் எழுதுவது?