பழைய லினக்ஸ் வெளியீடுகளைப் பாதுகாப்பாகப் பதிவிறக்குதல்

ஒரு லினக்ஸ் வழங்கலை உருவாக்கும் குழு, அதன் குறிப்பிட்ட பதிப்புக்குப் பாதுகாப்பு இற்றைகள் தருவதை நிறுத்திவிட்டால், அந்தப் பதிப்பு காலாவதியான வெளியீடு எனப்படும். ஃபெடோராவின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்களும், உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்குப் பொதுவாக 5 ஆண்டுகளும் ஆதரவு உண்டு. சென்ட்ஓஎஸ் 6-க்கான ஆதரவு 2020 நவம்பர் 30 அன்றும், சென்ட்ஓஎஸ் 8-க்கான ஆதரவு 2021 டிசம்பர் 31 அன்றும் முடிந்தன. ஆதரவு முடிந்த பதிப்புகள் வழக்கமான பதிவிறக்கப் பக்கத்திலிருந்து நீக்கப்படுகின்றன. அவற்றைத் தேடுபவர் முன்பின் அறியாத தளங்களுக்குச் சென்று சேர்வது இதனால்தான்.

தேவைப்படும் சூழல்கள்

பழைய நூலகக் கோப்புகளை நம்பியிருக்கும் மென்பொருளை இயக்கவும், ஆய்வகக் கருவியுடன் இணைந்த பழைய கணினியை மீண்டும் நிறுவவும், பாதுகாப்புக் குறைகளைப் பாடமாகப் படிக்கவும் பழைய வெளியீடுகள் தேவைப்படுகின்றன. 32 பிட் கணினி வைத்திருப்பவர்களும் இவற்றைத் தேடுகின்றனர். உபுண்டு 17.10 முதல் 32 பிட் மேசைக்கணினிப் பதிப்பை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-இலும் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை.

எங்கே தேடுவது?

பெரிய வழங்கல்கள் பலவும் தம் பழைய வெளியீடுகளை அழிப்பதில்லை; தனிக் காப்பகத்துக்கு மாற்றிவிடுகின்றன.

உபுண்டு: உபுண்டுவின் தளப்பெயருக்கு முன் 'ஓல்டு-ரிலீசஸ்' என்று சேர்ந்த முகவரி. 2004 அக்டோபரில் வந்த முதல் பதிப்பான 4.10 கூட இங்கே கிடைக்கும்.

டெபியன்: பழைய பொதிகளுக்கு 'ஆர்க்கைவ்' என்று தொடங்கும் முகவரி, நிறுவல் வட்டுகளுக்கு 'சிடிஇமேஜ்' முகவரியிலுள்ள காப்பக அடைவு. 'ஸ்னாப்ஷாட்' என்ற சேவை, 2005 முதல் குறிப்பிட்ட ஒரு நாளில் பொதிகள் எப்படி இருந்தனவோ அப்படியே தருகிறது.

ஃபெடோரா: திட்டத்தின் தளப்பெயருக்கு முன் 'ஆர்க்கைவ்ஸ்' என்று வரும் முகவரி.

சென்ட்ஓஎஸ்: 'வால்ட்' என்று தொடங்கும் முகவரி.

முகவரியைப் படிக்கும்போது அதன் இறுதிப் பகுதியைக் கவனிக்க வேண்டும். திட்டத்தின் பெயர் முகவரியில் எங்கோ ஓரிடத்தில் இருப்பது போதாது. திட்டத்துக்குச் சொந்தமான தளப்பெயரிலேயே முகவரி முடிய வேண்டும். இணைய ஆவணக்காப்பகத்திலும் பல பழைய வட்டுகள் கிடைக்கின்றன. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் கோப்பைப் பதிவேற்றலாம் என்பதால், சரிபார்க்காமல் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

லினக்ஸ் மின்ட் நிகழ்வு

அலுவல்முறைத் தளம் என்பதால் மட்டும் ஒரு கோப்பு நம்பத்தக்கதாகிவிடாது. 2016 பிப்ரவரி 20 அன்று கொந்தர்கள் லினக்ஸ் மின்ட் வலைத்தளத்துக்குள் நுழைந்து, 17.3 சினமன் பதிப்புக்கான இணைப்பைத் தம்முடைய வழங்கியை நோக்கித் திருப்பினர். அந்த இணைப்பைச் சொடுக்கியவர்களுக்குப் பின்வாசல் பொருத்தப்பட்ட வட்டுக்கோப்பு கிடைத்தது. தளத்தையே கைப்பற்றியவரால் அங்கே அச்சிட்டுள்ள சரிபார்ப்புத்தொகையையும் மாற்றிவிட முடியும். ஆகவே கோப்பையும் அதன் சரிபார்ப்புத்தொகையையும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்து ஒப்பிடுவது, பதிவிறக்கத்தில் கோப்பு சிதையவில்லை என்பதை மட்டுமே காட்டும். அதை யாரும் மாற்றவில்லை என்பதற்கு அது சான்றாகாது.

சரிபார்க்கும் முறை

1. வட்டுக்கோப்புடன் அதே அடைவிலுள்ள சரிபார்ப்புத்தொகைப் பட்டியலையும், அப்பட்டியலுக்கான கையொப்பக் கோப்பையும் பதிவிறக்க வேண்டும்.

2. வழங்கலின் பொதுத் திறவுகோலை வேறொரு வழியில் பெற வேண்டும். ஏற்கெனவே நம்பிப் பயன்படுத்தும் டெபியன் அல்லது உபுண்டு கணினியில் அவ்வழங்கலின் திறவுகோல் பொதி இருந்தால் அதுவே சிறந்தது. இல்லையெனில் திறவுகோலின் கைரேகை எண்ணை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

3. ஜிபிஜி மென்பொருளால் பட்டியலின் கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும்.

4. அதன் பிறகே 'ஷா256சம்' கட்டளையால் வட்டுக்கோப்பின் தொகையைக் கணக்கிட்டு, பட்டியலில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும்.

பழைய திறவுகோல்கள் பலவற்றின் கெடு முடிந்திருக்கும். திறவுகோல் காலாவதியானது என்று ஜிபிஜி எச்சரித்தாலும், கையொப்பம் செல்லும் என்று அது கூறினால் கோப்பு கையொப்பமிட்டபடியே இருக்கிறது என்று பொருள். கையொப்பம் தவறானது என்று வந்தால் கோப்பை அழித்துவிட வேண்டும்.

மிகப் பழைய வெளியீடுகளுக்கு எம்டி5 தொகை மட்டுமே கிடைக்கும். ஒரே எம்டி5 தொகை கொண்ட இரு கோப்புகளை உருவாக்க முடியும் என்று 2004-லும், ஷா-1-க்கும் அது இயலும் என்று 2017-லும் காட்டப்பட்டது. எனினும் ஏற்கெனவே உள்ள ஒரு கோப்பின் தொகைக்குப் பொருந்துமாறு மற்றொன்றைச் செய்வது இன்றும் நடைமுறையில் இயலாதது. ஆகையால் கையொப்பமிட்ட எம்டி5 பட்டியல் பயனற்றதல்ல. ஷா-256 கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிறுவிய பின்

உண்மையான கோப்பு என்பது வேறு, பாதுகாப்பான இயங்குதளம் என்பது வேறு. 2016 அக்டோபரில் வெளிப்பட்ட 'டர்ட்டி கௌ' என்ற குறை, 2007-இல் வந்த 2.6.22 கருனி முதலே இருந்துவந்தது. 2.6.32 கருனியுடன் வந்த உபுண்டு 10.04-இன் ஆதரவு 2015-லேயே முடிந்துவிட்டதால், இக்குறைக்கான திருத்தம் அதன் வழக்கமான இற்றைகளில் இல்லை. அத்தகைய வட்டு எவ்வளவு நேர்மையான இடத்திலிருந்து வந்தாலும் அந்த ஓட்டை அதிலேயே இருக்கும்.

எனவே பழைய வெளியீட்டை மெய்நிகர் இயந்திரத்தில், இணைய இணைப்பைத் துண்டித்து இயக்குவது நல்லது. கூடுதல் பொதிகள் தேவைப்பட்டால், பொதி மூலப் பட்டியலில் உள்ள முகவரியைக் காப்பக முகவரியாக மாற்றி, ஆதரவு முடியும்வரை வந்த இற்றைகளை முதலில் நிறுவ வேண்டும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றை அதில் திறக்கவே கூடாது.

பழைய கணினியை ஓட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் காலாவதியான வெளியீடு தேவையில்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற எடை குறைந்த வழங்கல்கள் 32 பிட் கணினிகளுக்கும் பதிப்புகளை வெளியிட்டுள்ளன. முதலில் அவற்றை முயன்று பார்த்து, அவை பொருந்தாதபோது மட்டும் காப்பகத்தை நாடலாம்.