பழி சுமக்கும் குடும்பத்தில் ஒரு பொறுப்புள்ள பறவை

குயில் ஜாதியார் எல்லோரும் முட்டையைப் பிறர் கூட்டில் இட்டுவிட்டுக் கவலையின்றிக் கூவித் திரிபவர்கள் என்று நாம் எண்ணி வருவது, ஒரு பெரிய குடும்பத்தில் சிலர் செய்த காரியத்துக்காக மற்றவர்களையும் பழிப்பதாகும். அப்பழியைத் தம் வாழ்க்கையாலேயே பொய்யாக்குபவை, ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரையுள்ள உஷ்ணப் பிரதேசங்களில் ஏறக்குறைய 30 வகைகளாகப் பரவியிருக்கும் செம்போத்துகள்.

நம் தோப்புகளிலும் வேலியோரங்களிலும் திரிகிற செம்போத்து, யாழ்ப்பாணத்தார் செண்பகம் என்றழைக்கும் அதே பறவை, சுமார் 48 சென்டிமீட்டர் நீளமும், கரிய உடலும், செங்காவி நிறச் சிறகும், இரத்தச் சிவப்பான கண்ணும் உடையது. பறப்பதில் அதற்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. பின்விரல் ஒன்றில் ஈட்டிபோல் நீண்ட நகத்தோடு தரையில் நிதானமாக நடந்து, நத்தை, பூச்சி, பல்லி, சிறு பாம்பு முதலியவற்றையும், சமயம் வாய்த்தால் பிற பறவைகளின் முட்டைகளையும் தின்னும். நமக்கு விஷமாகிய மஞ்சள் அரளியின் பழத்தையும் அது உண்பது விசேஷம். புதருக்குள்ளிருந்து ஆழ்ந்த குரலில் ‘ஊப், ஊப்’ என்று ஒன்று தொடங்க, ஜோடி பதிலளிக்கும்போது, தாழ்ந்த ஸ்வரத்தில் ஒலிப்பது பெண்ணின் குரல்.

மூங்கில், தாழை முதலிய அடர்ந்த புதர்களில் இவை தாமே கூடு கட்டி, தாமே அடைகாத்து, தாமே குஞ்சுகளுக்கு இரை தேடி ஊட்டுகின்றன. ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வாழும் கருஞ்செம்போத்திலோ, உருவில் பெரிய பெண் பறவை எல்லை காத்து ஐந்து ஆண்கள் வரை துணையாகக் கொள்ள, அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதுமாகிய தாய்மையின் பாரம் முழுவதையும் சிறிய உருவமுள்ள ஆணே சுமக்கிறது. பறவைகளில் அபூர்வமான இந்த ஏற்பாட்டில் தந்தையே செவிலியும் ஆகிறான்.

இலங்கையின் தென்மேற்கு மழைக்காடுகளில் மட்டுமே வாழும் வெளிர்பச்சை அலகுடைய செம்போத்து, காடு அழிய அழியக் குறைந்து வருகிறது. நம் செம்போத்துக்கோ ஆபத்து மூடநம்பிக்கையால் வருகிறது: அதன் மாமிசம் க்ஷயம் முதலிய நெஞ்சு நோய்களைத் தீர்க்கும் என்று கருதி அதைக் கொல்பவர்கள் உண்டு. க்ஷயத்துக்குத் தக்க மருந்து ஆஸ்பத்திரியில் கிடைக்கும் இக்காலத்தில், பயிரைத் தின்னும் நத்தைகளையும் பூச்சிகளையும் கூலியின்றிக் களையும் இப்பறவையைப் புதரோடு வாழவிடுவதே நமக்கு நன்மை.