தங்கம் கசடில் இல்லை, சேற்றில் இருக்கிறது

“தாமிர ஆலைக் கழிவில் தங்கம் இருக்கிறதாமே, பிறகு ஏன் அதை மலையாகக் கொட்டி வைக்கிறார்கள்?” என்று தூத்துக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உப்பாற்றங்கரையில் கறுப்புக் கசடு கிடப்பதைப் பார்த்த ஊர், நியாயமான கேள்வி. தங்கம் இருப்பது உண்மை. ஆனால் அது போய்ச் சேரும் இடம் வேறு.

உலையில் இரும்பு ஆக்சிஜனோடும் மணலோடும் சேர்ந்து கசடாக மேலே மிதக்கிறது. ஒரு டன் தாமிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு டன் கசடு. தங்கத்துக்கு ஆக்சிஜன்மேல் நாட்டமே இல்லை. உருகிய தாமிரத்தில் கரைந்து அதோடேயே தங்கிவிடுகிறது. ஸ்வீடனின் ரோன்ஷார் தாமிர உலையில் பழைய மின்னணுப் பலகைகளையும் சேர்த்து உருக்குவதற்கு இதுதான் காரணம்: உருகிய தாமிரம் தங்கத்தைத் திரட்டிக்கொள்ளும்.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். உலைத் தாமிரம் 99 சதவீதத்துக்கு மேல் தூய்மையானதுதான். ஆனால் மின்கம்பிக்கு 99.99 வேண்டும். அதனால் அதைத் தடித்த பலகைகளாக வார்த்து, மயில்துத்தமும் கந்தக அமிலமும் கலந்த நீலக் கரைசலில் நேர்மின்முனையாகத் தொங்கவிடுகிறார்கள். எதிரே மெல்லிய தகடு. தொட்டிக்குச் சுமார் 0.3 வோல்ட் போதும். வித்தை முழுவதும் அந்தச் சின்ன எண்ணில்தான் இருக்கிறது.

தொட்டியை ஒரு மினி பஸ் தடமாக நினைத்துக்கொள்ளுங்கள். பலகைதான் ஏறுமிடம், தகடு இறங்குமிடம், 0.3 வோல்ட் கட்டணம். தாமிரம் அந்தக் காசுக்கு ஏறி, மறுமுனையில் இறங்கியும் விடுகிறது. நிக்கல், இரும்பு, துத்தநாகம் மூன்றும் சுலபமாக ஏறிவிடும்; இறங்கத்தான் காசு போதாது, பஸ்ஸிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். தங்கமும் பிளாட்டினமும் இந்தக் கட்டணத்துக்கு ஏறவே ஏறாது. நிறுத்தமே கரைந்துகொண்டிருப்பதால் நிற்க இடமில்லாமல் தொட்டியின் அடியில் விழும். வெள்ளியில் கொஞ்சம் மட்டும் ஏறிவிடும். அதைப் பிடிக்க டிக்கெட் பரிசோதகர் இருக்கிறார்: கரைசலில் சிறிதளவு குளோரைடு. வெள்ளி அதோடு சேர்ந்ததும் கரையாத வெள்ளிக் குளோரைடாகிக் கீழே படிந்துவிடும். தொல்லை தருபவை ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத். இவற்றின் கட்டணம் தாமிரத்தினுடையதை ஒட்டியே இருப்பதால், தாமிரக் கூட்டம் குறையும் நேரம் பார்த்து அதே நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளும். ஆகவே கரைசலில் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியே எடுத்துச் சுத்தப்படுத்தியே ஆக வேண்டும்.

ஏறக்குறைய மூன்று வாரத்தில் பலகை கரைந்து தீரும்போது அடியில் கறுப்புச் சேறு படிந்திருக்கும். ஒரு டன் பலகைக்குச் சில கிலோ. தங்கம், வெள்ளி, செலினியம், டெல்லூரியம் எல்லாம் அதில்தான். அரைக்காமல், சலிக்காமல், வெறும் மின்னழுத்தமே இத்தனை உலோகங்களைத் தரம் பிரித்துவிடுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இந்த முறைக்கு ஜேம்ஸ் எல்கிங்டன் 1865-ல் காப்புரிமை பெற்றார். 1869-ல் வேல்ஸின் பெம்ப்ரேயில் ஆலை வந்தது. வரலாறு இவ்வளவு போதும்.

உலகின் டெல்லூரியத்தில் பெரும்பங்கு இந்தச் சேற்றிலிருந்து வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபர்ஸ்ட் சோலார் ஆலையில் தயாராகும் சோலார் பலகைகளில் வெயிலை மின்சாரமாக்குவது காட்மியம் டெல்லூரைடு படலம். அமெரிக்காவின் யூட்டாவில் கென்னகாட் தாமிர ஆலை 2022-ல் டெல்லூரியம் பிரிக்கத் தொடங்கியது பெரிய செய்தியானது. அறிவித்த அளவு ஆண்டுக்குச் சுமார் 20 டன். நல்ல வேலை, பாராட்டலாம். ஆனால் டெல்லூரியம் வேண்டும் என்பதற்காக இதைப் பெருக்க முடியாது. தாமிரம் எவ்வளவு சுத்திகரிக்கப்படுகிறதோ அவ்வளவுதான் சேறு.

கசடு மலைக்கு வருவோம். அதில் சிக்கியிருப்பது பெரும்பாலும் தாமிரத் துளிகள், நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். உருகிய கசடை மெதுவாக ஆறவிட்டால் துளிகள் ஒன்றுகூடிப் பெரிதாகும். பிறகு அரைத்து, நுரையில் மிதக்கவைத்து எடுக்கலாம். தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் கசடு கண்ணாடியாக இறுகி, நுண்துளிகளை உள்ளேயே பூட்டிவிடும். அப்போது மீட்பு கடினம். காங்கோவின் லுபும்பாஷி நகரக் கசடு மலையை 2000-களில் மின் உலையில் மறுபடி உருக்கிக் கோபால்ட் எடுத்தார்கள். அங்கே தாதுவிலேயே கோபால்ட் மிகுதி. இரும்பைப் போல ஆக்சிஜனை நாடி அது கசடுக்குப் போயிருந்தது. எல்லாக் கசடு மலைக்கும் அந்தக் கணக்கைப் பொருத்த முடியாது.

‘கழிவிலிருந்து செல்வம்’ என்று வரும் செய்திகள் எந்தக் கழிவு என்பதையே பெரும்பாலும் சொல்வதில்லை. இன்னொன்றையும் விட்டுவிடுகின்றன. தாதுவோடு வந்த ஆர்சனிக்கில் பெரும்பகுதி உலைப் புகையின் தூசியிலும் கசடிலும் சேற்றிலுமாகப் பிரிந்து போகிறது. அதை வாங்க ஆள் மிகக் குறைவு. எளிதில் கரையாத சேர்மமாக மாற்றிப் பத்திரமாகப் புதைக்க வேண்டும். அதில் லாபம் இல்லை, செலவு மட்டுமே. உங்கள் ஊருக்கு யாராவது இப்படியொரு திட்டத்தோடு வந்தால், டன்னுக்கு எத்தனை கிராம் தங்கம் என்று கேட்பதற்கு முன், ஆர்சனிக் எங்கே போகும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.