கடற்சிப்பிகளும் கதிர்த்தொழிற்பாட்டுக் கழிவும்

கடல் பரந்தது; ஆழமானது. ஆதலின், அதனுட் கொட்டப்படும் கழிவு நீரோடு கலந்து செறிவு குன்றித் தீங்கற்றதாய்விடும் என்று மக்கள் நெடுங்காலம் எண்ணினர். அணு நிலையங்களை அமைத்தோரும் இவ்வெண்ணத்தையே துணைக்கொண்டனர். ஆயின், மனிதன் சிதறவிட்டதை மீண்டும் ஒன்றுசேர்க்கும் உயிர்கள் கடலில் உள. ஓடுடைய உயிர்கள் அவற்றுள் முதன்மையானவை.

சிப்பியும் மட்டியும் இரைதேடி அலைவன அல்ல. அவை கடல்நீரை இடையறாது உள்ளிழுத்து, செவுள்களால் வடித்து, நுண்ணுயிர்களை உண்கின்றன. நீரில் மிக அருகியுள்ள நாகம் முதலிய உலோகங்களையும் உடலிற் சேமிக்கின்றன. சாதாரண நாகத்தையும் கதிர்த்தொழிற்பாடுடைய நாகத்தையும் பிரித்தறியும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் இவ்வுண்மை வெளிப்பட்டது. அங்கே ஹான்போட் என்னுமிடத்து அணுவுலைகள் 1944 முதற் கொலம்பியா ஆற்றுநீராற் குளிரூட்டப்பட்டன. உலையினூடு சென்ற நீர் மீண்டும் ஆற்றிலேயே விடப்பட்டது. நீரிலிருந்த நாகம் உலையில் நியூத்திரன்களை ஏற்று நாகம்-65 ஆகி, ஏறத்தாழ 600 கிலோமீற்றர் கடந்து கடலை அடைந்தது. 1960களின் தொடக்கத்தில், அந்நிலையத்து ஊழியர் ஒருவரின் உடலில் இப்பொருள் மிகுந்திருக்கக் காணப்பட்டது. ஆற்றுமுகத்துக்கு வடக்கேயுள்ள வில்லாப்பாக் குடாவின் சிப்பிகளை அவர் உண்டிருந்தார். நாகம்-65 இன் அரைவாழ்வு 244 நாட்களே. எனவே, ஆற்றுநீரை இவ்வாறு பயன்படுத்திய இறுதி உலை 1971 இல் மூடப்பட்டபின் சிப்பிகளும் விரைவில் தூய்மையடைந்தன.

எல்லாப் பொருளும் இவ்வாறு விரைந்து அழிவதில்லை. இங்கிலாந்தின் செல்லாபீல்ட் நிலையம் 1950களிலிருந்து அயரிசுக் கடலிற் கழிவை விட்டுவந்தது. கழிவிலுள்ள புளுத்தோனியத்தை அகற்றுதற்கு 1994 இல் அங்கே புதியதோர் ஆலை இயங்கத் தொடங்கியது. ஆயினும், தெக்னீசியம்-99 என்பதனை அது பிரிக்கவில்லை. அதனால் 1995 இல் அப்பொருளின் வெளியேற்றம் ஏறத்தாழ 190 தெராபெக்கரலாக உயர்ந்தது. அயற்கடற் சிங்க இறால்கள் அதனை மிகுதியாகச் சேர்த்தன. அதே நீரில் வாழ்ந்த நண்டுகளோ மிகக் குறைவாகவே சேர்த்தன. நீரோட்டத்தால் அது நோர்வேக் கரையையும் அடையவே, அந்நாடு வன்மையாக ஆட்சேபித்தது. 2004 முதல், அப்பொருளை வீழ்படிவாக்கித் தரையிலேயே தேக்கும் முறை கையாளப்பட்டது. தெக்னீசியத்தின் அரைவாழ்வோ இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது.

இவ்வுயிர்களுக்கு நேருந் தீங்கு யாது? ஓடுடைய உயிர்கள் பாலூட்டிகளைவிடக் கதிர்வீச்சைப் பன்மடங்கு தாங்கவல்லன. ஆகவே, கூட்டமாக மடிதல் தீங்கின் அளவுகோலாகாது. ஆய்வுகூடத்தில், திரிதியங் கலந்த நீரில் வளர்த்த மட்டிகளின் கலங்களிற் பரம்பரைப் பொருள் சிதைவுற்றமை காணப்பட்டுள்ளது. புறத்தே நலமாகத் தோன்றும் உயிரின் அகத்தே ஊறு நிகழலாம் என்பது இதனாற் பெறப்படும்.

சிப்பியிற் காணப்படுங் கதிர்த்தொழிற்பாடு முழுவதும் மனிதன் இட்டதன்று என்பதும் கருதத்தக்கது. பொலோனியம்-210 இயற்கையாகவே அதில் உண்டு. உண்போர் பெறுங் கதிர்வீச்சிற் பெரும்பங்கு பல இடங்களில் அதனாலேயே உண்டாகிறது. ஆகவே, வீண் அச்சம் வேண்டுவதில்லை, அளவீடு வேண்டும்.

கழிவை விடுமுன் கடல் எவ்வளவு பெரிது என்று வினவுதல் போதாது. அந்நீரில் வாழ்வது எது, அது எதனைச் சேர்க்கும், அதனை உண்போர் யாவர் என்றும் வினவுதல் வேண்டும். நீரில் அளவுகருவிக்கும் எட்டாது கரந்திருப்பதைச் சிப்பி தன் உடலிற் காட்டிவிடுகிறது.