அண்ணா வீட்டு ஹீட்டிங் உங்கள் வீட்டுக்குச் சரிவருமா?

குளிர் தொடங்கினால் லண்டன் தமிழ் வீடுகளில் கேஸ் பில் பேச்சுத்தான். “அண்ணா வீட்டில் ஹீட் பம்ப் போட்டாச்சு, நாங்களும் போடலாமா?” என்று கேட்கிறார்கள். அண்ணா எந்த மாதிரித் தெருவில் இருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

ஈஸ்ட் ஹாம் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் பெரும்பாலும் நடுவில் இடைவெளியில்லாத செங்கல் சுவர்தான். அலமாரியைச் சற்று நகர்த்தினால் பின்சுவரில் கறுப்புப் பூஞ்சை தெரியும். சமையல் ஆவியும் உள்ளே காயும் துணியின் ஈரமும் குளிர்ந்த சுவரில் படிந்து வருவது அது. இங்கே முதல் செலவு பரணில் வெப்பக் காப்பு விரிப்பதும் கதவு இடுக்குகளை அடைப்பதும்தான். காற்றோட்டத் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். வெளிச்சுவரில் காப்புப் பலகை ஒட்டித் தருவதாகக் கதவைத் தட்டுபவரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அரசுத் திட்டங்களில் அப்படி ஒட்டிய வீடுகளில் 98 சதவீதத்தில் பெரிய குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகமே சொன்னது.

ஹாரோ போன்ற இடங்களில் தோட்டத்தோடு இருக்கும் வீடுகளுக்கு ஹீட் பம்ப் பொருந்தும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். ஆனால் மின்சாரம் கேஸைவிடப் பல மடங்கு விலை. சூடு ஒழுகும் வீட்டில் பில் குறையாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 7,500 பவுண்ட் மானியம் உண்டு. அதற்கு விண்ணப்பித்து, விலையில் கழித்துத் தருவது பொருத்தும் நிறுவனத்தின் வேலை. முழுப் பணத்தையும் முதலில் கேட்பவரை நம்பாதீர்கள்.

அடுக்குமாடிகளில் பொதுக் கொதிகலனிலிருந்து சூடு வந்தால் அதை வழங்கும் நிறுவனத்தை மாற்ற வழியில்லை. அதனால் முறையீடு முக்கியம். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீராவிட்டால், எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். 2026 ஜனவரி 27 முதல் இந்த நிறுவனங்கள் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் கண்காணிப்பில் இருக்கின்றன.

வாடகைக்கு இருப்பவர்கள் ஆண்டுதோறும் கேஸ் பாதுகாப்புச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது இங்கிலாந்தில் வீட்டுக்காரரின் கடமை.

ராச்டேலில் பூஞ்சை படிந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020-இல் இறந்தான். அவன் பெயரிலான சட்டப்படி, 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் கவுன்சில், சமூக வீடுகளில் ஆபத்தான ஈரமும் பூஞ்சையும் இருப்பதாகச் சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் வீட்டுக்காரர் ஆய்வு செய்ய வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் பார்த்து, ஆபத்தை நீக்க வேண்டும். உங்கள் சுவரில் பூஞ்சை இருந்தால் இன்றைக்கே படம் எடுத்து, தேதி போட்டு, வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள்.