கையால் எழுதிய பக்கமும் கம்ப்யூட்டர் எழுதிய பக்கமும்

தாதர் நிலையத்தில் சென்னை வண்டி ஏறுகிறவர்கள் ஒரு காலத்தில் முதலில் செய்த காரியம், பெட்டி வாசலில் ஒட்டியிருந்த சார்ட்டில் தம் பெயரைத் தேடியதுதான். பெரிய நிலையங்களில் அப்படி ஒட்டுவது 2018-ல் நின்றுபோயிற்று. கம்ப்யூட்டர் வந்தபின் அந்தத் தாளை யாரும் உட்கார்ந்து எழுதியதில்லை. பெயர், வயது, இருக்கை எண் எல்லாம் ஓரிடத்தில் பதிவாகியிருக்கும். கட்டம் போட்டு, வரிசைப்படுத்தித் தாளில் இறக்குவது கம்ப்யூட்டரின் பொறுப்பு.

பன்னிரண்டு வருடமாக ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கே இந்தச் சின்ன விஷயம் உறைக்க, ஒரு குடும்பம் எட்டு நாள் அலைய நேர்ந்தது.

என் கையால் வந்த வினை

எங்கள் பகுதியில் நம்மவர்கள் நடத்தும் சகாய நிதிச் சங்கம் ஒன்று உண்டு. 412 அங்கத்தினர்கள். மாதச் சந்தா 50 ரூபாய். அங்கத்தினர் காலமானால் குடும்பத்துக்கு உடனே 25,000 ரூபாய். மூன்று மாதம் பாக்கி வைத்தவருக்கு அது கிடையாது என்பது விதி. அங்கத்தினர் பலர் தாராவியை விட்டுக் கல்யாண், அம்பர்நாத் பக்கம் குடிபோய்விட்டார்கள். ஆகவே வரவு விவரத்தை இணையத்தில் ஒரு பக்கமாகப் போடுவது என்று முடிவாயிற்று. "நீதானேப்பா பேப்பருக்கெல்லாம் எழுதுகிறாய்" என்று அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள்.

இணையப் பக்கம் எச்.டி.எம்.எல். என்ற குறிகளால் எழுதப்படுவது. தலைப்புக்கு ஒரு குறி, அட்டவணைக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று, கட்டத்துக்கு ஒன்று. திறந்த குறியை மூட வேண்டும். 412 வரிசை, வரிசைக்கு ஐந்து கட்டம். ஆக 2,060 கட்டங்கள். அந்தக் குறிக் காட்டுக்குள் மனிதர் பெயர் எங்கோ ஒளிந்து கிடக்கும். சென்ற மாதப் பக்கத்தையே பிரதி எடுத்து, இரவு ஷிப்டு முடிந்து வந்த தூக்கக் கண்ணோடு திருத்துவேன்.

ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். முதலெழுத்து மட்டும் வேறு. மூன்று மாதச் சந்தாவைச் சேர்த்துக் கட்டிய ஒருவருடைய 150 ரூபாயைப் பக்கத்து வரிசைக்காரர் பெயரில் போட்டுவிட்டேன். அந்த மாதமே அவர் மாரடைப்பில் காலமானார். பொருளாளர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பாக்கி இருப்பதால் பணம் தர வழியில்லை என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டார். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டி உண்மை வெளிவருவதற்குள் எட்டு நாள் ஓடிவிட்டது. அந்த அம்மாள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அங்கத்தினர் ஒருவரின் மகன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர், இதைக் கேள்விப்பட்டு வந்தார். "அண்ணே, உங்க ஆபீஸ்ல சார்ட்டைக் கையாலயா எழுதுறீங்க? இதை மட்டும் ஏன் கையால எழுதுறீங்க?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தானே மூடும் குறி

அவர் எடுத்துக்கொண்டது பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராஸம் 1991-ல் வெளியிட்டது, காசு கிடையாது. அதற்கென்று எத்தனையோ ‘லைப்ரரி’கள் உண்டு. புத்தகம் அடுக்கிய இடமல்ல. வேறொருவர் எழுதி வைத்த புரோகிராம்களை நாம் எடுத்துப் பயன்படுத்தும் தொகுப்பு. எங்களுக்கு உதவியது ‘யாட்டாக்’ என்ற சிறிய லைப்ரரி.

அதில் ‘டேக்’ என்று எழுதிக் குறியின் பெயரைக் கொடுத்தால் குறி திறக்கும். உள்ளே வர வேண்டியதைச் சற்றுத் தள்ளி எழுத வேண்டும். தள்ளி எழுதியது முடிகிற இடத்தில் குறி தானே மூடிக்கொள்ளும், மறதிக்கு இடமில்லை. ‘டெக்ஸ்ட்’ என்றால் எழுத்தை அச்சாக்கும். ஒரு அங்கத்தினருக்கு வரிசை போடும் முறையை ஒரே ஒரு தடவை எழுதி, இதையே எல்லோருக்கும் செய் என்று சொல்லிவிட்டால் போதும். எங்கள் புரோகிராம் 40 வரிகூட இல்லை. 412 வரிசையும் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றன.

முதல் தடவை தமிழ் எழுத்தெல்லாம் லத்தீன் குப்பையாக வந்தது வேறு கதை. யூ.டி.எப்.-8 என்ற எழுத்துமுறையில் சேமித்து, பக்கத்தின் தலையிலும் அதையே அறிவித்தபின் சரியாயிற்று.

இன்னொரு காவலும் இந்த லைப்ரரியில் இருக்கிறது. எச்.டி.எம்.எல். குறிகள் கோண அடைப்பில் எழுதப்படுபவை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஒருவர் விஷமமாகக் கோண அடைப்போடு ஒரு கட்டளையை எழுதிவிட்டால், பார்ப்பவர் கம்ப்யூட்டர் அதை நிறைவேற்றிவிடும். 2005 அக்டோபரில் அமெரிக்காவின் மைஸ்பேஸ் தளத்தில் சாமி கம்கர் என்ற இளைஞர் இந்த மாதிரி ஓட்டையில்தான் நுழைந்தார். ஒரு நாளுக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் அவருடைய கட்டளை தொற்றிக்கொண்டது. ‘டெக்ஸ்ட்’ மூலம் போனால் அந்தக் கோணக் குறி வெறும் எழுத்தாகி அடங்கிவிடும். ‘ஆஸ் இஸ்’ என்று இன்னொரு கட்டளை இருக்கிறது. அது வந்ததை வந்தபடியே எழுதும். வெளியார் எழுதித் தந்த எதையும் அதன் வழியாக விடக்கூடாது.

இதனால் கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று யாரும் எண்ண வேண்டாம். ரசீதைத் தப்பாகப் பதிந்தால், தப்பை அழகாகக் கட்டம் போட்டுக் காட்டும். ஆகவே பெயரை விட்டு அங்கத்தினர் எண்ணால் பதிகிறோம். மாதத்தின் மொத்த வரவும் பாங்கு பாஸ்புத்தகமும் ஒரு ரூபாய் முரண்பட்டாலும் பக்கம் வராது. ‘கணக்கு இடிக்கிறது’ என்று மட்டும் திரையில் வரும். அப்படி இரண்டு தடவை வந்திருக்கிறது. இரண்டு தடவையும் தப்பு என்னுடையதுதான்.

பக்கத்திலிருந்து பெயர்களையும் எடுத்துவிட்டோம். எண்ணும் தொகையும் மட்டும் இருக்கும். பாக்கி வைத்தவன் பெயரை ஊருக்குக் காட்டுவது வட்டிக்கடைக்காரன் வேலை என்று கமிட்டியில் நான்தான் சண்டை போட்டேன்.

அந்தத் தம்பி இப்போது ஞாயிறு காலையில் சங்க அறையில் இதைச் சொல்லித் தருகிறார். ஏழு பேர் வருகிறோம். இரண்டு பேர் மெட்ரிக்கோடு நின்றவர்கள். அதில் நான் ஒருவன். போன வாரம் அந்த அம்மாள் தம் மகனைக் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.